வேலையே நோயாகிப்போன காலம்: 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உழைக்கும் பெண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியே பேசுகிறது. ஆலைத் தொழில் முதலில் வேரூன்றிய நாடு அது என்பது ஒரு காரணம். அரசு ஆணையங்கள், ஆய்வாளர் அறிக்கைகள், மரண விசாரணைக் குறிப்புகள் என்று அங்கே ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் நோய்களில் அநேகமாக எதுவும் ‘அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரியாது’ என்ற கணக்கில் சேராது. மருத்துவருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், நாடாளுமன்றத்துக்கும் தெரியும். தெரிந்த பிறகும் எத்தனை ஆண்டுகள் இழுத்தடித்தார்கள் என்பதுதான் இங்கே கதை.

உழைக்கும் பெண்கள் என்றால் பஞ்சாலைப் பெண்கள்தானே?

படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நூற்றாண்டு முழுவதும் பெண்கள் அதிகமாக இருந்த தொழில் வீட்டு வேலை. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பிறர் வீடுகளில் வேலைக்காரிகளாக இருந்தார்கள். அதற்கு அடுத்தபடியாகப் பஞ்சாலை, தையல், சலவை. இவை தவிர, வீட்டிலேயே உட்கார்ந்து சட்டை தைத்தவர்கள், தீப்பெட்டிக் கூடு ஒட்டியவர்கள், செயற்கைப் பூ கட்டியவர்கள் என்று ஒரு பெருங்கூட்டம் இருந்தது. கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது ‘தொழில் எதுவும் இல்லை’ என்று பதிவாகிப்போனவர்களில் இவர்களும் உண்டு.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள்?

எந்தத் தொழில், எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. வயதுவந்த பெண்களின் வேலை நேரத்துக்கு 1844 வரை எந்த வரம்பும் கிடையாது. அந்த ஆண்டுச் சட்டம் நெசவாலை, நூற்பாலைகளில் 12 மணி நேரம் என்று வரையறுத்தது. 1847 சட்டம் அதைப் பத்து மணி நேரமாகக் குறைத்தது. முதலாளிகள் ஆட்களை முறை மாற்றி முறை வைத்து அதை ஏய்த்தார்கள். 1850-ல் காலை 6 முதல் மாலை 6 வரை, இடையில் ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டுக்கு, சனிக்கிழமை மதியம் 2 மணியோடு சரி என்று ஓர் ஏற்பாடு வந்தது. வாரத்துக்கு 60 மணி நேரம்.

இதைப் படித்துவிட்டுப் ‘பரவாயில்லையே’ என்று நினைத்தால், இது துணி ஆலைகளுக்கு மட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. தையல் கூடங்கள் 1867 வரை சட்டத்துக்கு வெளியே இருந்தன. சலவைக்கூடங்களைச் சட்டம் 1895-ல் தொட்டது. அப்போதும் வாரத்துக்கு 60 மணி நேரம் என்று சொல்லிவிட்டு, ஒரே நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. வீட்டு வேலைக்காரிகளின் நேரத்தைப் பற்றி அந்த நூற்றாண்டில் எந்தச் சட்டமும் வாய் திறக்கவில்லை.

மேரி ஆன் வாக்லி என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

லண்டனின் ரீஜன்ட் தெருவில் ‘மேடம் எலிஸ்’ என்ற பெயரில் ஒரு பெரிய தையல் நிலையம் இருந்தது. அரசவைக்குப் போகும் சீமாட்டிகள் ஆடை தைத்துக்கொள்ளும் இடம். வாக்லி அங்கே வேலை பார்த்த 20 வயதுப் பெண். 1863 வசந்தத்தில் வேல்ஸ் இளவரசருக்கு டென்மார்க்கின் அலெக்சாண்ட்ராவோடு திருமணம் நடந்தது. புது இளவரசியை முன்னிட்டு விருந்து, நடனம் என்று நகரமே களைகட்டியது. எல்லாச் சீமாட்டிகளுக்கும் ஒரே இரவுக்குள் புது உடை வேண்டும்.

வழக்கமான நாளிலேயே அங்கே 16 மணி நேரத்துக்கு மேல் வேலை. அந்த ஜூனில் வாக்லியும் மற்றப் பெண்களும் இடைவிடாமல் 26 மணி நேரத்துக்கும் மேல் தைத்தார்கள். ஓர் அறைக்கு 30 பேர். அத்தனை பேர் மூச்சு விடத் தேவையான காற்றில் மூன்றில் ஒரு பங்கே அந்த அறையில் இருந்தது. கை ஓயாமல் இருக்க இடையிடையே ஷெர்ரியும் போர்ட் ஒயினும் காப்பியும் கொடுத்தார்கள். தூங்கும் இடம் பலகை வைத்துத் தடுத்த பொந்துகள், கட்டிலுக்கு இரண்டு பேர். வெள்ளிக்கிழமை அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். கையில் இருந்த உடை தைத்து முடியவில்லை.

மருத்துவர் கீஸ் மரண விசாரணையில் சாட்சி சொன்னார்: நெரிசலான கூடத்தில் நீண்ட நேர வேலை, காற்றில்லாத சிறிய படுக்கையறை, இவையே காரணம். ஜூரிகள் அதை மென்று விழுங்கினார்கள். மூளையில் இரத்தக் கசிவால் இறந்தார், அளவுக்கு மீறிய வேலை அதை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று அஞ்ச இடமிருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார்கள். ‘அஞ்ச இடமிருக்கிறது’ என்ற அந்த வாசகத்துக்கு எந்தத் தண்டனையும் கிடையாது.

அவர் மரணத்தால் ஏதாவது மாறியதா?

பரபரப்பு ஏற்பட்டது. களைத்துப்போன தையல்காரி என்று கையெழுத்திட்டு ஒரு பெண் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதிய கடிதம் ஊரைப் பேச வைத்தது. ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழில் ஜான் டென்னியல் ஒரு படம் போட்டார். சீமாட்டி புது உடையோடு நிலைக்கண்ணாடி முன் நிற்கிறாள். கண்ணாடிக்குள் அவள் பிம்பம் தெரிய வேண்டிய இடத்தில் தையல்காரி உயிரற்றுச் சரிந்து கிடக்கிறாள். கார்ல் மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதல் பாகத்தில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில் வாக்லியின் கதையை விரிவாகவே எடுத்து வைத்தார். இன்று நாம் அவர் பெயரை அறிந்திருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1843-ல், அரசு ஆணையம் ஒன்று லண்டன் தையல் கூடங்களைத் துருவி ஆராய்ந்து, பருவகாலத்தில் 18 மணி நேர வேலை சாதாரணம் என்று பதிவு செய்திருந்தது. கண் கெடுவது, முதுகு வளைவது, மயங்கி விழுவது, காசநோய் எல்லாம் அதில் இருந்தன. துக்க ஆடைக்கான கறுப்புத் துணியை இரவில் விளக்கொளியில் தைப்பது கண்ணுக்கு எமன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போதும் நாடு உச்சுக் கொட்டியது, சீமாட்டிகள் சேர்ந்து தையல்காரிகளுக்காக ஒரு நலச்சங்கம் அமைத்தார்கள். வாக்லி இறந்தது அந்தச் சங்கம் பிறந்து இருபதாவது ஆண்டில். 1867-ல் சிறு பட்டறைகளுக்கான சட்டம் வந்தபோது, அதை அமல்படுத்தும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் தள்ளிவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காயாகவே அது கிடந்தது.

பஞ்சாலையில் என்ன வகையான நோய்கள் வந்தன?

பஞ்சுத்தூசியால் நெஞ்சு இறுகும் நோய். ஈரமும் சூடும் சேர்ந்த அறையிலிருந்து குளிர்ந்த தெருவுக்கு வந்து வந்து வாங்கிக்கொண்ட மூச்சுக்குழல் அழற்சி. நாளெல்லாம் நின்றதால் கால் நரம்புப் புடைப்பு. தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் பகுதியின் நெசவுப் பெண்கள் உதட்டசைவை வைத்தே பேசப் பழகினார்கள். நூல் அறாமல் இருக்க நெசவுக் கூடத்துக்குள் நீராவி பாய்ச்சும் வழக்கம் இருந்தது. துணிக்கு நல்லது, நுரையீரலுக்குக் கேடு. அந்த ஈரப்பதத்துக்கு 1889-ல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

அருகில் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு செயல் உண்டு. தறி நாடாவில், அதாவது குறுக்கு நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகும் கட்டையில், நூல் தீர்ந்ததும் புது நூல்கண்டை வைத்து, அதன் நுனியைச் சிறு துளை வழியே வெளியே இழுக்க வேண்டும். கையால் கோத்தால் நேரம் பிடிக்கும். வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். நூலோடு பஞ்சுத்தூசி, எண்ணெய், சாயம், முன்பு வாய் வைத்தவளின் எச்சில் எல்லாம் வரும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை. பல் சொத்தையாகும், தொற்று பரவும். கையாலேயே கோக்கக்கூடிய நாடாக்கள் வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-ல் தடை செய்தது. லங்காஷயரில் தடை வந்த ஆண்டு 1952.

பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளும் இறங்கினார்களா?

1842 வரை இறங்கினார்கள். லிட்டில் போல்ட்டன் சுரங்கத்தில் வேலை செய்த பெட்டி ஹாரிஸ் என்ற 37 வயதுப் பெண், சுரங்கங்களை விசாரித்த அரசு ஆணையத்தின் முன் சொன்னதைக் கேளுங்கள். இடுப்பில் ஒரு வார், அதிலிருந்து இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு சங்கிலி, சங்கிலி முனையில் கரி வண்டி. கையும் காலும் ஊன்றித் தவழ்ந்தே இழுக்க வேண்டும். பாதை செங்குத்து. பிடித்துக்கொள்ளக் கயிறு இருந்தால் கயிறு, இல்லாவிட்டால் கையில் எது அகப்படுகிறதோ அது. தோல் உரியும் வரை இழுத்திருக்கிறேன் என்கிறார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்த வாரும் சங்கிலியும் இன்னும் கொடுமை என்கிறார்.

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில் பெண்கள் கரிக்கூடையை முதுகில் சுமந்து ஏணி ஏறினார்கள். இசபெல் வில்சன் என்பவர் பத்துப் பிள்ளை பெற்றவர். சுமை தூக்கியதால் ஐந்து முறை கரு கலைந்ததாகச் சொன்னார். கடைசிப் பிள்ளை பிறந்தது சனிக்கிழமை காலை. வெள்ளி இரவு வரை வேலையில் இருந்திருக்கிறார்.

இந்த ஆணையத்தின் அறிக்கை 1842-ல் வெளியானபோது கனவான்களை அதிகம் உலுக்கியது எது தெரியுமா? கருச்சிதைவு இல்லை. சூடு தாங்காமல் பெண்கள் மேலாடை இல்லாமல், ஆண்களின் கால்சட்டை அணிந்து வேலை செய்ததுதான். அதே ஆண்டில் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கத் தடை வந்தது. நல்ல சட்டம்தான், உடம்பைக் காப்பாற்றியதைவிட மானத்தைக் காப்பாற்றத்தான் அவசரப்பட்டது.

தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் தாடை அழுகியது உண்மையா?

உண்மை. அன்றைய தீக்குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். அந்தப் பாஸ்பரஸ் கலவையின் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல் வலி வரும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கும், கன்னத்தில் சீழ்க்கட்டி உடையும், தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துத் துண்டு துண்டாக வெளியே வரும். நாற்றம் தாங்காமல் வீட்டார்கூடப் பக்கத்தில் உட்கார முடியாது. செத்த எலும்பை, சில வேளைகளில் கீழ்த்தாடை முழுவதையும், அறுத்து எடுப்பதுதான் சிகிச்சை. தொழிலாளர் வாயில் அதன் பெயர் ‘பாஸி ஜா’.

சொத்தைப் பல் உள்ளவர்களுக்கே இது எளிதில் வந்தது. ஏழைப் பெண்களில் சொத்தைப் பல் இல்லாதவர் யார்? வலி இருப்பது மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தார்கள். மறைத்ததால் முற்றியது.

வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் இந்த நோயை 1845-லேயே விவரித்து எழுதிவிட்டார். கிட்டத்தட்ட அதே காலத்தில், அதே ஊரில், ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் நச்சில்லாத சிவப்புப் பாஸ்பரஸை உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். நோயும் மாற்றும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியவந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1888 வேலைநிறுத்தத்தை நடத்தியது அன்னி பெசன்டா?

நம் ஊரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சென்னையில் அவர் பெயரில் நகரே இருக்கிறது. அடையாறுக்கும் பிரம்மஞான சபைத் தலைமைக்கும் வருவதற்கு முன், பெசன்ட் லண்டனில் சோஷலிஸ்டாக இருந்தவர். 1888 ஜூனில் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிஸ்ட் அமைப்பின் கூட்டம் ஒன்றில் கிளமென்டினா பிளாக் பெண் தொழிலாளர் நிலையைப் பற்றிப் பேசினார். கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பேச்சும் அங்கே எழுந்தது. பெசன்ட் நேரே போய்ப் பெண்களைப் பார்த்து விசாரித்து, ஜூன் 23 அன்று தம்முடைய ‘தி லிங்க்’ இதழில் ‘லண்டனில் வெள்ளை அடிமைமுறை’ என்று கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரை சொன்னது: கோடையில் காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை நின்றபடியே வேலை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாரக் கூலி 4 ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ் அபராதம். மேசைக்குக் கீழே குப்பை கிடந்தால் 3 பென்ஸ். எரிந்த குச்சியை மேசையில் வைத்துவிட்டால் முழுசாக ஒரு ஷில்லிங். அதாவது வாரக் கூலியில் கால் பங்கு. முந்தைய ஆண்டில் பங்குதாரர்கள் பெற்ற ஈவுத்தொகை 23 சதவீதம்.

கட்டுரையில் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தியை வேலையை விட்டு நீக்கியதும் ஜூலைத் தொடக்கத்தில் ஒட்டுமொத்தமாக வெளியே வந்தார்கள். ஏறத்தாழ 1,400 பேர். பெசன்ட் வேலைநிறுத்தம் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் வெளியே வந்த பிறகுதான் அவருக்கே தெரியும். அதன்பின் பணம் திரட்டியது, நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்க்க வைத்தது, பத்திரிகைகளை இழுத்து வந்தது எல்லாம் அவர் செய்த பெரிய உதவி. ஆனால் தலைமை என்று கேட்டால், சாரா சாப்மன் போன்ற அந்தத் தொழிற்சாலைப் பெண்களின் குழுவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெசன்ட் அம்மையார் மீது மரியாதை குறையாமலே இதைச் சொல்லலாம்.

இரண்டு வாரங்களில் வென்றார்கள். அபராதங்கள் ஒழிந்தன. குறைகளை நேரடியாக நிர்வாக இயக்குநரிடம் சொல்லலாம் என்றானது. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது, சாப்பிடுவதற்குத் தனி அறை வாங்கியதுதான். அதுவரை பாஸ்பரஸ் ஆவி சூழ்ந்த கூடத்திலேயே, அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் நாற்பது ஆண்டுகளில் வாங்கித் தராததை வீதிக்கு வந்த பெண்கள் பதினைந்தே நாளில் வாங்கினார்கள்.

அதோடு வெள்ளைப் பாஸ்பரஸ் ஒழிந்ததா?

இல்லை. பின்லாந்து 1872-லும் டென்மார்க் 1874-லும் தடை செய்துவிட்டன. இங்கிலாந்து அசையவில்லை. எங்கே வேண்டுமானாலும் உரசிப் பற்றவைக்கும் குச்சியைத்தான் மக்கள் விரும்புகிறார்கள், விலையும் மலிவு, தடை செய்தால் ஏற்றுமதி போய்விடும் என்பவை வாதங்கள். 1891-ல் ரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு கிழக்கு லண்டனின் ஓல்டு ஃபோர்டில் சிவப்புப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து, மற்றவர்களைவிடக் கூடுதல் கூலியும் கொடுத்துக் காட்டியது. விலைப் போட்டியில் தாக்குப்பிடிக்கவில்லை.

1895 முதல் பாஸ்பரஸ் நோயை அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும். 1898-ல் பிரையன்ட் அண்ட் மே 17 நோயாளிகளைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தது அம்பலமானது. அபராதம் 25 பவுண்டும் 9 ஷில்லிங்கும். ஆளுக்கு ஒன்றரை பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு பிரான்சில் தாடையை அரிக்காத, ஆனால் எங்கும் உரசக்கூடிய மாற்று வேதிப்பொருள் கைக்கு வந்தது. நிறுவனம் 1901-ல் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டியை விலக்க நாடுகள் சேர்ந்து செய்த 1906 பெர்ன் உடன்படிக்கைக்குப் பிறகு 1908-ல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. தடை நடைமுறைக்கு வந்தபோது 1910 முடிந்துகொண்டிருந்தது. லோரின்சர் எழுதி 65 ஆண்டுகள்.

வேறு எந்தத் தொழில்களில் நஞ்சு இருந்தது?

ஈயமும் ஆர்செனிக்கும் முக்கியமானவை. பெயின்ட்டுக்கான ஈய வெள்ளை செய்யும் ஆலைகள் நியூகாசிலிலும் லண்டனிலும் இருந்தன. உலர்ந்த ஈயத்தூளை அடுப்பறையிலிருந்து தட்டு தட்டாக அள்ளி வெளியே கொண்டுவரும் வேலைதான் இருப்பதிலேயே தூசி மிகுந்தது. வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்களே அதற்கு வந்தார்கள். வயிற்றைப் பிடுங்கும் வலி, ஈறில் நீலக்கோடு, தொங்கிப்போகும் மணிக்கட்டு, வலிப்பு, குருட்டுத்தன்மை, கருச்சிதைவு. 1883 சட்டம் மேலங்கி, முகமூடி, குளியல் வசதி ஆகியவற்றோடு, அமிலம் சிறிது கலந்த பானமும் தர வேண்டும் என்றது. வயிற்றுக்குள் போன ஈயத்தை அது முறித்துவிடும் என்று நம்பிக்கை. தூசியை அடக்க வேண்டிய இடத்தில் குடிக்கப் பானம் கொடுத்தார்கள். 1898-ல் பெண்களை அந்த ஆபத்தான வேலைகளிலிருந்து விலக்கினார்கள்.

ஆர்செனிக் வந்தது அழகின் வழியாக. தலையில் சூடும் செயற்கைப் பூக்களின் இலைகளுக்குப் பளீரென்ற பச்சைத்தூள் தூவுவார்கள். 1861 நவம்பரில் லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் அந்த வேலையால் இறந்தார். பச்சையாக வாந்தி எடுத்தார், கண்ணின் வெள்ளை பச்சையாகியிருந்தது, பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் ஒரு தலை அலங்காரத்தைச் சோதித்துப் பார்த்து, அதில் 20 பேரைக் கொல்லும் அளவுக்கு ஆர்செனிக் இருப்பதாக அறிவித்தார். அணிந்தவர்கள் நடுங்கினார்கள். தூளைத் தூவியவர்களைப் பற்றிய பேச்சு அதற்குக் கீழேதான் வந்தது.

வீட்டு வேலை பாதுகாப்பானது இல்லையா?

கூரையும் சோறும் உண்டு. அதனாலேயே அது ‘நல்ல இடம்’ என்று பெயர் வாங்கியது. ஒரே வேலைக்காரி உள்ள சின்ன வீட்டில் விடியுமுன் எழுந்து கணப்புச் சாம்பல் அள்ளி, கரிவாளி சுமந்து, மூன்று மாடிக்கு வெந்நீர் தூக்கி, வாசற்படி தேய்த்து, வீட்டார் படுத்த பின் படுக்க வேண்டும். மண்டியிட்டே தரை தேய்த்துத் தேய்த்து முழங்கால் முட்டியில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ‘வேலைக்காரி முழங்கால்’ என்று மருத்துவர்களே பெயர் வைத்தார்கள். இன்றும் ஆங்கில மருத்துவத்தில் அந்தப் பெயர் புழங்குகிறது.

இளம் வேலைக்காரிகளிடம் இன்னொன்றும் பரவலாக இருந்தது: வெளிறிய, லேசாகப் பச்சை படிந்த முகத்தோடு மூச்சு வாங்கும் இரத்தசோகை. காதல் ஏக்கம், கன்னிமை, இறுக்கமான இடுப்புக்கச்சை என்று காரணம் சொன்ன மருத்துவர்கள் உண்டு. 1832-ல் பிரெஞ்சு மருத்துவர் ப்ளோ இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். பிரச்சினை தட்டில் என்ன இருந்தது என்பதுதான். மாத்திரையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்; வேலைக்காரியின் தட்டைப் பார்க்க வந்தவர்கள் குறைவு.

பெண் உடல் பலவீனமானது என்று நம்பிய காலத்தில் இவ்வளவு வேலை வாங்கியது எப்படி?

இந்த முரண்பாட்டை ஒரு பெண் மருத்துவரே அச்சில் சுட்டிக்காட்டினார். 1874-ல் ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர், மாதவிலக்கால் பெண்ணின் சக்தி குறைகிறது, ஆணைப் போலப் படித்தால் உடல் கெடும் என்று எழுதினார். பிரிட்டனில் மருத்துவத் தகுதி பெற்ற முன்னோடிப் பெண்களில் ஒருவரான எலிசபெத் கேரட் ஆண்டர்சன் பதில் கொடுத்தார். வேலைக்காரிகளுக்கு அந்த நாட்களில் யாராவது வேலையைக் குறைக்கிறார்களா, அவர்கள் செய்துகொண்டுதானே இருக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

சரியான அடிதான். கொஞ்சம் நின்று யோசித்தால் உறுத்தவும் செய்கிறது. படிக்கப் போகும் பெண்ணின் உரிமைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏறிய வேலைக்காரிக்கு, அந்த வழக்கில் எதுவும் கிடைக்கவில்லை.

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விடுப்பு இருந்ததா?

சுவிட்சர்லாந்து 1877-லேயே பேறுகாலத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரங்கள் ஆலை வேலை கூடாது என்றது. இங்கிலாந்தில் 1891 சட்டம், பிள்ளை பெற்ற நான்கு வாரத்துக்குள் ஒரு பெண்ணைத் ‘தெரிந்தே’ வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சம்பளம்? கிடையாது. அதனால் அவள் சொல்லவில்லை, முதலாளி கேட்கவில்லை, இருவருக்கும் ‘தெரியாது’. பேறுகாலத்துக்கென்று 30 ஷில்லிங் உதவி 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

வீட்டில் விட்டுப்போன குழந்தை அழாமல் தூங்க, ‘காட்ஃப்ரி கார்டியல்’ போன்ற அபின் கலந்த இனிப்பு மருந்தைப் புகட்டினார்கள். தாயைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அன்று நிறையப் பேர். நூற்றாண்டின் இறுதியிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

பெண்களுக்கென்று தனிச்சட்டம் போட்டது நல்லதுதானே?

அன்றைய பெண்களே இதில் ஒரு மனதாக இல்லை. 1842-ல் சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு மாற்று வேலையோ உதவித்தொகையோ யாரும் தரவில்லை. சிலர் ஆண் வேடமிட்டுத் திரும்ப இறங்கினார்கள். 1880-களில் சுரங்க வாயிலில், தரைமேல் கரி சலித்த பெண்களையும் விலக்க முயற்சி நடந்தபோது, லங்காஷயர் பெண்கள் தங்கள் வேலையுடையிலேயே 1887-ல் லண்டனுக்கு வந்து உள்துறை அமைச்சரைச் சந்தித்தார்கள். வேலை பிழைத்தது.

பெண்களுக்குச் சங்கம் கட்டிய எம்மா பேட்டர்சன், சட்டக் கட்டுப்பாடு பெண்களை மலிவான வேலைக்குத் தள்ளிவிடும் என்று சந்தேகப்பட்டார். பெண் ஆய்வாளர்களை நியமியுங்கள் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்டது. 1893-ல் மே ஏபிரகாமும் மேரி பேட்டர்சனும் முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களாக நியமனமானபோது எம்மா உயிரோடு இல்லை. என் எண்ணம்: வேலை நேரச் சட்டங்கள் உயிர்களைக் காத்தன, சந்தேகமில்லை. நஞ்சை அகற்றாமல் பெண்ணை மட்டும் அகற்றிய சட்டங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். ஈயத்தூசி அந்த வேலைக்கு வந்த ஆணின் நெஞ்சிலும் போய்ப் படியத்தான் செய்தது.

அதே காலத்தில் இந்தியாவில்?

1881-ல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேர விஷயத்தில் குழந்தைகளை மட்டுமே கவனித்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களையும் அவுரித் தொழிலையும் வெளியே விட்டுவிட்டது. 1891 சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பும் ஒன்றரை மணி நேர இடைவேளையும் கொண்டுவந்தது. பம்பாய் ஆலைகள் மலிவுக் கூலியால் தங்களை வீழ்த்துகின்றன என்ற லங்காஷயர் முதலாளிகளின் கவலையும் இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. இரக்கம் மட்டும் கப்பலேறி வரவில்லை.

இந்த விவரங்கள் எவ்வளவு நம்பகமானவை?

ஆணைய அறிக்கைகள் பெரும் சுரங்கம். ஆனால் கேட்டவர்கள் கனவான்கள், எழுதியவர்களும் அவர்களே. பெண் சொன்ன வாக்கியத்தை அவர்கள் திருத்தியிருப்பார்கள், தங்களுக்கு அதிர்ச்சி தந்ததை முன்னே வைத்திருப்பார்கள். மரண விசாரணைகளில் முதலாளிக்கு வக்கீல் இருந்தார். பெண் ஆய்வாளர்கள் வந்த பிறகு கண் வேறு இடங்களுக்குப் போகிறது: கழிப்பறை இருக்கிறதா, உட்கார இடம் உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். 1898-ல் அவர்களில் ஒருவரான லூசி டீன், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியை மருத்துவ ஆய்வாளர் நுண்ணோக்கியில் பார்த்ததை வைத்து, கண்ணாடிச் சில்லு போன்ற கூர்மையான துகள்கள் என்று எழுதினார். பிரிட்டன் கல்நார் விதிகளைக் கொண்டுவந்தது 1930-களில்.

பெண்களே தங்கள் கைப்பட எழுதியவை அரிது. ஹன்னா கல்விக் என்ற வேலைக்காரி 1854 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். எத்தனை ஜோடிக் காலணி துடைத்தார், எந்தப் படியைத் தேய்த்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று எழுதுகிறார். அதையும் சற்று விலகி நின்றே படிக்க வேண்டும். ஆர்தர் மன்பி என்ற கனவானின் வேண்டுகோளுக்காக, அவர் படிப்பதற்காக எழுதியது அது. பின்னாளில் அவரையே ரகசியமாக மணந்தார். ஆனாலும், ஒரு வேலைக்காரியின் வேலை நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் தொடங்க வேண்டிய இடம் ஆணைய அறிக்கைகளைவிட அந்த நாட்குறிப்புதான்.